முதலைக்காக அடைத்த மதகு

துண்டால் முதலை பிடிக்கப் போனவன் நான். வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவும் அப்பாவின் துண்டு, ஓரம் கிழிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொன்னால் அசட்டுத்தனம் குறையும் என்று ஒரு நப்பாசை.

அந்த வருஷம் ஐப்பசி மழை எங்களை ஏமாற்றிவிட்டது. மார்கழியிலேயே கொள்ளிடம் வற்ற, அதிலிருந்த முதலை ஒன்று வாய்க்கால் வழியாகச் சீர்காழி ஊருக்குள்ளேயே வந்துவிட்டதாகப் பேச்சு. பார்த்தவர்கள் நாலு பேர் நாலு அளவு சொன்னார்கள். என் வகுப்புத் தோழன் மட்டும் அது முழங்கை நீளக் குட்டிதான் என்று அடித்துச் சொன்னான். எனக்குத் தோதான அளவு அதுதான் என்பதால் அதையே நம்பினேன்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், மதகு திறந்து மூடுகிற வேலை. கடைத்தெருவை ஒட்டிய மதகைத் திருகும் இரும்புச் சாவி அவர் தோளிலேயே கிடக்கும். மதகு திறந்திருந்தால் தண்ணீர் கடைமடைக்குப் போகும். அடைத்தால் பக்கத்து வாய்க்காலில் திரும்பி மிராசுதார் வயலுக்குப் போகும். ஆளுக்கு ஒரு நாள் முறை. கூலிக்கும் குத்தகைக்கும் தலைகள் உருண்ட காலம் அது. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறக்க, நடுவே மிராசுதாரின் கார் நிற்கும். மூன்று தரப்பும் அப்பாவை மிரட்டிப் பார்த்தாயிற்று. "எமனே வந்தாலும் முறை மாத்தித் திருக மாட்டேன்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் முதலைப் பேச்சு வந்ததிலிருந்து அடைக்கோழி மாதிரி ஆகிவிட்டார். படித்துறையில் துவைத்தவர்களை விரட்டினார். சாயந்தரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைப் பிடித்து மோந்து பார்ப்பார், வாய்க்கால் வாடை அடிக்கிறதா என்று. அம்மாவே சிரிப்பாள். எனக்கு மானம் போயிற்று. அந்தக் குட்டியைப் பிடித்து வந்து அவர் முன்னால் போட்டால் பயம் தெளியுமே என்று திட்டம் போட்டேன்.

கடைமடைக்கு முறை வந்த நாள். மதகுக்குக் கீழே, தண்ணீர் விழுகிற குழியில் மீன் கூடும். மீன் இருக்கிற இடத்தில் முதலை இராதா? இடுப்பளவு தண்ணீரில் துண்டை விரித்து நின்றேன். மேலே யாரோ அலறினார்கள். நிமிர்ந்தால், அப்பா மதகின் மேல் சாவியை மாட்டித் திருகிக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பீடி குடித்துக்கொண்டே சாவகாசமாகச் சுற்றுகிறவர், அன்று உடம்பே சாவியானது போலச் சுற்றினார். பலகை இறங்கியது. தண்ணீர் நின்றது. அடுத்த நொடி, பலகைக்கு அந்தப் பக்கம் எதுவோ மோதியதில் மதகே அதிர்ந்தது.

அப்பா குழிக்குள் குதித்து என் கையைப் பிடித்துக் கரையேற்றினார். அதுவும் எதிர்ப்புறம் கரையேறியது.

முழங்கையாவது! எங்கள் வாசற்படியில் அது தலை வைத்தால் வால் அடுப்படியில் கிடக்கும். வயிறு மண்ணில் படாமல் நாலு காலையும் ஊன்றி, அவசரமே இல்லாமல் கடைத்தெருவைக் குறுக்கே கடந்தது. பஸ் நின்றது, ஹாரன் அடிக்க டிரைவருக்குக் கை வரவில்லை. எந்தப் பந்தலிலும் ஒன்றாக நிற்காத கொடிக்காரர்களும் மிராசுதாரின் ஆட்களும் ஒரே சுவரில் ஒட்டி நின்றார்கள். அது யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதுகுப் பாசியில் வெயில் மின்னியது. முதல் வரப்பு போடுவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் நடந்துவருவது போல நடந்து, வயலில் இறங்கி, கொள்ளிடத்துப் பக்கம் போய் மறைந்தது.

அப்பா திருகிய வேகத்தில் மதகின் திருகு மரை நசுங்கிவிட்டது. அன்று பலகையைத் தூக்க முடியவில்லை. கடைமடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த பெண் இரைந்தாள்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க? மிராசு சொன்னாரா? பால் பிடிக்கிற பயிருங்க. இன்னிக்குத் தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதரு!"

"யாரும் சொல்லலம்மா. பயந்துட்டேன். அடைச்சுட்டேன்."

கூட்டத்தில் ஒருவன், "முதலைக்கு வழி அடைச்ச மவராசன்!" என்றான். சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள். "உங்க புள்ளையா?" என்றாள். அப்பா தலையசைத்தார். அவள் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்காவது எங்களுக்கு விட்டுடுங்கண்ணே."

நாளை மிராசுதார் முறை. அப்பா மறுபடி தலையசைத்தார். விடிந்ததும் கொல்லனைக் கூட்டிவந்து மரையைச் சரிசெய்து, கடைமடைக்கே திறந்தும் விட்டார். பயிர் பிழைத்தது. தை பிறப்பதற்குள் அப்பாவுக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது. உப்பளத்துக்கு நடுவே திருக என்ன இருந்ததோ!

முதலை போன அன்று சாயந்தரம் அப்பா காப்பியை ஆறவிட்டு, காய்ந்துபோன என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். ஊரே சிரிக்கும்படி பயந்துவிட்டாரே என்று எனக்கு ஆற்றாமை. இருந்தாலும் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏம்பா, ரோட்டைக் கடந்தப்ப அது முதுகு மின்னுச்சே, பார்த்தீங்களா?"

"முதலையை யாருடா பார்த்தா?"