மருத்துவமனை வரியை எதிர்த்துக் கோபன்ஹேகனுக்கு

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டிலிருந்து தலைநகர் கோபன்ஹேகனுக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களிடம், கடல்மேல் பாலத்தால் காரில் மூன்று மணிநேரம் என்று இப்போது சொல்லிவிடலாம். நான் முதலில் போனது எண்பதுகளின் கடைசியில், அந்தப் பாலம் இல்லாத காலத்தில். இலங்கைத் தமிழ் அகதிகளான நாங்கள் எங்கள் குடும்பங்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை நீதி அமைச்சு சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டிருந்தது. பிற்பாடு அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வந்தது.

கூட வந்தவர் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நின்ற சிவம் அண்ணை. அவருடைய மனைவி இருதய வால்வு பழுதாகி யாழ்ப்பாணத்தில் படுத்திருந்தார். இங்கே வந்தால் சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் வர விடவில்லை. இந்த நாட்டில் சுகக் காப்புறுதி கட்டாயம். விலக முடியாது, வரியோடு சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். மனைவியைச் சேர்க்காத காப்புறுதிக்கு தன்னை மட்டும் கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போடக் கிளம்பினார் அண்ணை. இலங்கையில் நிறைவேறிய சட்டத்தை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது. நல்ல நாட்டில் முடியும் என்று நானும் நம்பினேன்.

வைல நகரம் வரை என் பழைய காரில் நாற்பது கிலோமீற்றர், பிறகு ரயில். நூபோ துறைமுகத்தில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறியது. ஒரு மணிநேரக் கடல். எல்லோரும் மேல்தளத்துக்குச் சாப்பிடப் போனார்கள். அன்றைக்கே நீதிபதி முன் நிற்கப் போகிறோம் என்ற நினைப்பில், கோட் கசங்காமல் அண்ணை ரயிலிலேயே நிமிர்ந்து இருந்தார்.

கோபன்ஹேகனில் நாங்கள் போய்ப் பார்த்த சட்டத்தரணி பொறுமையான பெண். வழக்குப் போடலாம், ஆனால் தோற்பீர்கள், வென்றாலும் வரிதான் குறையும், மனைவி வரமாட்டார் என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, கேள். இந்த வரிச் சட்டத்தை ஆரும் நிப்பாட்டி வைக்கேலாதோ?"

டேனிஷில் கேட்டேன். முடியாது, சட்டம் எல்லோருக்கும் பொது என்றார்.

"அப்ப மனுசியைக் கூப்பிடுற சட்டத்தை மட்டும் எப்பிடி நிப்பாட்டினவை?"

அதையும் டேனிஷில் கேட்டேன். அமைச்சுக்கு இன்னொரு தடவை எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அனுமதி வந்தபோது அண்ணையின் மனைவி இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது.

இப்போது போகிறவர்கள் காரை நகரத்துக்கு வெளியே டோஸ்ட்ருப்பில் நிறுத்திவிட்டு ரயில் எடுங்கள், நகரத்துக்குள் இடம் தேடி அலைய வேண்டாம். சட்டத்தரணியிடம் போகிறவர்கள் முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். ஒரு நாளில் நீதி வாங்கி வரலாம் என்று எங்களைப் போல நினைக்காதீர்கள்.

சில வருடங்கள் கழித்து, எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட நீதி அமைச்சரை விசாரிக்கக் கோபன்ஹேகனில் விசேஷ நீதிமன்றம் கூடியது. பார்க்கப் போவோமா என்று அண்ணையைக் கேட்டேன்.

"நீ போயிட்டு வா, தம்பி. அவர் செய்தது பிழை எண்டுதான் சொல்லுவினம். அதைக் கேக்க வேண்டியவள் இல்லையே."