பயிற்சிக்குக் கொடுத்த தலை

லமாண்ட் கெய்தருக்கு முடி வெட்டத் தெரியாது. ஆனாலும் அமெரிக்க நகரமான பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் அவர் நடத்தியது முடிவெட்டும் வகுப்புதான். பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுவார். சாயங்காலம் கீழே இறங்கி விளக்கைப் போடுவார். முதலில் பள்ளிப் பாடம் சொல்லித் தரப்போவதாகக் கரும்பலகை வாங்கி மாட்டினார். ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. பழைய சலூன் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து போட்டு, முடிவெட்டும் கடை வைத்திருந்த கீயோனாவைச் சொல்லித்தரக் கெஞ்சிக் கூட்டிவந்த பிறகுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் துரத்திய பிள்ளைகள், போலீஸ் வண்டியைக் கண்டால் நடையை மாற்றும் பிள்ளைகள், அந்தக் கண்ணாடி முன்னால் பொறுமையாக நின்றார்கள். லமாண்டின் வேலை, பழகுவதற்குத் தலையைக் கொடுப்பது. "பெருசு தலை பொதுத் தலை" என்று பயல்கள் கேலி செய்வார்கள்.

டேவான் மட்டும் முடிவெட்டும் மிஷினைத் தொட்டதே இல்லை. பதினாறு வயது. கூட்டுவான், துண்டு மடிப்பான், தள்ளி நின்று பார்ப்பான். ஒரு தப்பு நடந்தால் எழுந்து போய்விடுகிற பையன்; முன்பு சேர்த்த இடங்களையெல்லாம் அப்படித்தான் விட்டான். இதையும் பாதியில் விட்டால் மறுபடி சிறார் சிறைதான் என்று நீதிபதி கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவனாகவே வந்து மிஷினை எடுத்தான். "யாராவது தலை குடுக்கறீங்களா?"

மறுநாள் லமாண்டின் மகளுக்குக் கல்யாணம். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பையனிடம் அதையே எப்படிச் சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெருசு, நாளைக்குக் கல்யாணம். ஞாபகம் இருக்கா?" என்றாள் கீயோனா.

"கல்யாணம் என் பொண்ணுக்கு. என்னை யாரு பாக்கப் போறா? நீ வெட்டுடா."

காதோரம் சுத்தமாக வந்தது. பின்பக்கமும் நன்றாகவே வந்தது. நெற்றிக்கு வரும்போது மிஷின் நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சீப்பு கழன்று விழுந்தது. அதைக் கவனிப்பதற்குள் வெறும் பிளேடு உச்சிவரை ஒரே இழுப்பு. ஏர் ஓட்டிய சால் மாதிரி நடுமண்டையில் தோல் தெரிந்தது.

"ஐயோ, பெருசு மண்டையில பஸ் ரூட் போட்டுட்டான்!" என்று ஒரு பயல் கத்தினான். அறையே சிரித்தது. டேவான் மிஷினை வைத்துவிட்டு, கழற்றி வைத்த கோட்டைக்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டான்.

இப்போது விட்டால் பையன் திரும்ப மாட்டான். லமாண்ட் கழுத்தில் கட்டிய துணியோடு அப்படியே பின்னால் ஓடினார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெருமுனை சிக்னலில் டேவான் நின்றிருந்தான்.

"மன்னிச்சிடுங்க. நான் கை வெச்சா எதுவும் உருப்படாது. நான் போறேன்."

"நீ போயிடுவே. நான் எப்படிப் போறது? இந்த மண்டையோட பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனா மாப்பிள்ளையே ஓடிடுவான்டா."

சிக்னல் மாறியது. டேவான் ரோட்டில் கால் வைக்கவில்லை.

"கீயோனா அக்கா சரி பண்ணுவாங்க."

"அவ சிரிச்சு முடிக்கவே ராத்திரி ஆயிடும். ஆரம்பிச்சவன் நீ. மொத்தமா எடுத்துடு."

பையன் அப்போதுதான் நிமிர்ந்து அந்த மண்டையை முழுசாகப் பார்த்தான். உதட்டோரம் துடித்தது. "ரொம்பக் கேவலமா இருக்கு பெருசு."

"தெரியுது. காத்து வேற அடிக்குது."

சிரித்துவிட்டான். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

கீயோனா மிஷினை நீட்டினாள். டேவான் அவசரப்படவில்லை. காதை மடக்கிப் பிடித்து, மடிப்புக்குள் இருந்த முடியையும் எடுத்தான். ஒரு கீறல்கூட விழவில்லை. துண்டால் துடைத்துவிட்டு அறையைப் பார்த்துக் கேட்டான்: "அடுத்த வாரம் யாரு தலை?"

அடுத்த வாரம் என்று அந்த வாயிலிருந்து வந்ததும் லமாண்ட் நாற்காலியில் சாய்ந்து, அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார்.

"என்னைக் கேக்காதேடா," என்றார் மொட்டையைத் தடவிக்கொண்டே. "முதல்ல இது முளைக்கட்டும்."