கையுறையைக் கழற்றிப் போட்டவனைப் பார்க்க டாலஸ் வரை

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஹூஸ்டனில் இருந்து டாலஸுக்கு ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போய் வந்தேன். எனக்கு ஹாக்கி தெரியாது. பிடிக்கவும் பிடிக்காது. அந்தப் பைத்தியம் என் வீட்டுக்காரருக்குத்தான். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் நம்ம ஊர் ஹோட்டல் ஒன்றில் பதினொரு வருஷம் தோசை மாஸ்டராக இருந்தார். போன வருஷம் ஒருநாள், பாத்திரம் கழுவும் ரோசா அம்மாவை முதலாளி பிடித்துத் தள்ளினான் என்று, கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றைக்கே வேலை போனது.

"ஊர் வம்பு உங்களுக்கு எதுக்கு? கையில இம்புட்டுத் தொழில வச்சுக்கிட்டு, அடுப்பப் பாத்துட்டு நிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"ஒரு தடவ எங்கூட மேட்ச்சுக்கு வா, புரியும்" என்றார்.

நான் போகவில்லை. நான்கே மாதத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்று நான் கத்தியது சரியா, தப்பா? அது தெரிய வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

என்னைப் போலக் கார் ஓட்டத் தெரியாதவர்கள் பஸ்ஸில் போகலாம். 240 மைல், நாலரை மணி நேரம், 34 டாலர். காலை 6.30க்கு ஏறி 11 மணிக்கு இறங்கினேன். வழியில் பஸ் நிற்கும் இடத்தில் காபி மட்டும் வாங்காதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் தேவலை.

பஸ் ஸ்டாண்டுக்கு நாசர் அண்ணன் வந்திருந்தார். முன்பு அதே ஹோட்டலில் பிரியாணி போட்டவர். இப்போது டாலஸ் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் சொந்தமாகக் கேட்டரிங் பண்ணுகிறார். என் வீட்டுக்காரருக்கு ஹாக்கியைப் பழக்கிவிட்டதே அவர்தான். காரில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"நீங்கதாண்ணே அவரைக் கெடுத்தது."

"ஆமா மதினி, திட்டுங்க. பார்க்கிங் கெடைக்கிற வரைக்கும் திட்டலாம். நெறைய நேரம் இருக்கு."

கிடைக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. 35 டாலர் பிடுங்கினார்கள். நீங்கள் ரயிலில் போய்விடுங்கள், அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது.

மேட்ச் ஒரு மணிக்கு. மேல்தட்டு சீட் 52 டாலர். டாலஸ் டீமில் ஒல்லியாக ஒருவன். பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு வட்டு வைத்து ஆடுகிறார்கள், அது அவன் மட்டையிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. இரண்டு கோல் போட்டான். எனக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது.

அப்புறம்தான் நடந்தது. எதிர் டீம்காரன் ஒருவன், இவன் கூட்டாளியைப் பின்னாலிருந்து இடித்துச் சுவரில் மோதவிட்டான். கூட்டாளி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த ஒல்லிப் பையன் மட்டையை வீசிவிட்டு, இரண்டு கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான். இடித்தவன் இவனைவிட ஒன்றரை மடங்கு. இவனுக்கு நல்ல அடி, வாயில் ரத்தம். ஜனம் மொத்தமும் எழுந்து நின்று கத்துகிறது. பக்கத்து சீட் வெள்ளைக்காரர் என் கையில் தட்டக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஒருவன் அடி வாங்குகிறான், இவர்களுக்கு பாப்கார்ன்.

"சண்டைக்குன்னே தடித்தடியா ஆள் வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே, அவன் போக வேண்டியதுதான?" என்றேன்.

"அவன் போனா இத்தன பேரு எந்திரிப்பாங்களா மதினி? அவனுக்கு அதான் வேலை. இவன் கை ஒடஞ்சா கோல் யாரு போடுவா? இவன் சும்மா நின்னாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான். தெரிஞ்சேதான் போறான். அதுக்குத்தான் இந்தக் கைதட்டு."

எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. இருவரையும் கண்ணாடிப் பெட்டியில் ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் தண்டனை. கதவைத் திறந்ததும் ஒல்லிப் பையன் திரும்ப ஆட வந்துவிட்டான், கூட்டாளிகள் மட்டையால் ஓரத்துப் பலகையைத் தட்டி வரவேற்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு எந்தக் கதவு திறந்தது? பதினொரு வருஷம் அவர் தோசைக்கு வரிசையில் நின்ற நம் ஜனம் அன்று அதே ஹாலில்தான் இருந்தது. ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. சாம்பார் கேட்டார்களாம். மறுநாளும் அங்கேயே போய்ச் சாப்பிட்டார்கள். பனியில் சண்டை போடுகிறவனுக்குக் கைதட்ட இருபதாயிரம் பேர். அடுப்படியில் சண்டை போட்டவருக்கு ஒரு ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை.

காரில் திரும்பும்போது நாசர் அண்ணனை நான் திட்டவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பையை விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் 7 டாலர், வெளியிலேயே குடித்துவிட்டுப் போங்கள். மத்தியான மேட்ச்சாகப் பார்த்து எடுத்தால் டிக்கெட் சல்லிசு.

இன்னொன்று. உங்கள் வீட்டு ஆள் என்றைக்காவது இப்படி யாருக்காகவோ சட்டையைப் பிடித்து, வேலையைத் தொலைத்துவிட்டு வாசலில் வந்து நின்றால், சரியா தப்பா என்று மறுநாள் பேசிக்கொள்ளுங்கள். அன்றைக்கு உட்கார வைத்துச் சோறு போடுங்கள். நான் போடவில்லை.