வலது கையை உயர்த்திய ஆள்

தோள் ஆராய்ச்சி நடந்தது நகரத்து மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில், முன்பு துணி வெளுத்துக்கொண்டிருந்த அறையில். கூரையில் கப்பி, கப்பியில் கயிறு, சுவர் முழுக்க பென்சில் கோடுகள். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சோப்பு வாசனை போகவே இல்லை.

ஆராய்ச்சிக்கென்று இங்கிலாந்திலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். எங்கள் தீவின் சுதந்திரத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு அது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களின் தோள் ஏன் கெடுகிறது, கெட்ட தோள் எந்தப் பயிற்சியில் சரியாகிறது என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அவர் ஒருமுறைகூடத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அங்கே வெயில் அதிகம் என்றார்.

நான் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் செய்தியாளன். நகரத்தின் டிராங்கெபார் பகுதியில் அக்கா வீட்டில் குடியிருந்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குபவர். கிடங்கில் அடுக்கின் உச்சியிலிருந்து சரிந்த ஒரு மூட்டை அவருடைய வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடியது, தோள் இறுகிவிட்டது. கை மார்புக்கு மேல் எழவில்லை.

அந்தக் கிடங்கிலேயே கிழிந்த கோணிகளைத் தைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை. இவரால் இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அது அத்தானுக்குக் கிடைக்கும். சொல்லாவிட்டால் மீண்டும் மூட்டைக்குப் போக வேண்டும். முடியாது என்றால் வீட்டுக்கு. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். டாக்டருக்கும் தெரியும், ஆனால் அது அவருடைய ஆராய்ச்சிக்கு வெளியே இருந்தது.

பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். குனிந்து நின்று, துணி தேய்க்கும் இரும்புப் பெட்டியைக் கையில் பிடித்து ஊஞ்சல்போல் ஆட்ட வேண்டும். கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்தால் மறுமுனையில் கெட்ட கை மேலே போகும். பிறகு விரல்களைச் சிலந்திபோல் சுவரில் ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் நர்ஸ் கோடு போடுவாள். கடைசியில் டாக்டர் பித்தளைக் கோணமானியைத் தோளில் வைத்துப் பார்ப்பார். நகை எடை போடுபவரின் முகம் அப்போது அவருக்கு.

ஒருநாள் அத்தான் நர்ஸிடம் கேட்டார். நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். அத்தான், மச்சான், அக்கா என்ற சொற்கள் மட்டும் தமிழில் மிஞ்சியிருந்தன. மற்றதை நான் தமிழில் தருகிறேன்.

"மாம்ஜெல், மூட்டை சுவத்துல ஏறாதே, என் தோள்லதானே ஏறும்? ஒரு மூட்டைய கொண்டுவந்து வச்சுப் பாக்கச் சொல்லுங்களேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "வலி குறைந்திருக்கிறதாம்." டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. மூட்டை விழுந்த அன்றே அக்கா முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், அத்தான் காவடி எடுப்பார் என்று.

"தோள் சரியான பிறகு எடுக்கலாமே, அக்கா?" என்றேன்.

"சரியாகணும்னுதானே எடுக்கிறதே. தானா சரியானா முருகன் எதுக்கு?"

"இடது தோள் சும்மாதானே கிடக்கு, மச்சான்," என்றார் அத்தான். "அதுக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

அப்படியே எடுத்தார். விரதமிருந்து, கன்னத்தில் அலகு குத்தி, காவடியை இடது தோளில் வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். வலது கையை இடுப்புத் துணிக்குள் செருகியிருந்தார். அக்கா அந்தப் பக்கமாகவே நடந்தாள், யாரும் இடித்துவிடாதபடி.

எங்கள் படக்காரரின் கண்ணில் பட்டவர் அத்தான்தான். எங்கள் பத்திரிகைக்குத் தமிழர்கள் ஆண்டில் ஒருநாள் மட்டும் உண்டு. அன்று அலகும் பூவும் பால்குடமுமாக ஒரு படம் வரும். மற்ற நாட்களில் அதே ஆட்கள் மூட்டைக்கு அடியில் இருப்பார்கள், படக்காரருக்கு அங்கே வேலையில்லை.

பக்கம் கட்டுபவருக்கு ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவர்கள் பக்கத்தின் உட்புறம் பார்க்க வேண்டும். வெளிப்புறம் பார்த்தால் வாசகரும் அவர்களோடு வெளியே போய்விடுவாராம். அத்தான் வெளிப்புறம் நடந்துகொண்டிருந்தார். நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சுக்கட்டை செய்தார்கள். எங்களிடம் இது வழக்கம். தோட்ட முதலாளி ஒருவரின் வகிடுகூட ஒருமுறை பக்கம் மாறியது, அவர் மனைவியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. காலையில் வந்த பத்திரிகையில் அத்தான் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காவடி பிடித்திருந்தார்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு நானும் போனேன். அன்றுதான் டாக்டர் தம் முடிவைச் சொல்ல வேண்டிய நாள். அந்தப் படம் வெட்டப்பட்டுச் சுவரில், பென்சில் கோடுகளுக்கு மேலே, ஒட்டப்பட்டிருந்தது. டாக்டர் மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தார்.

"இந்த அறையில் கை மார்பு வரைதான் வருகிறது. கோவிலில் தலைக்கு மேல் போகிறது! உங்கள் ஆட்களுக்குக் கோளாறு தோளில் இல்லை, மனத்தில்."

படம் திருப்பி அச்சானது என்றேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சொந்தக்காரருக்காகப் பொய் சொல்ல வந்தவனைப் பார்க்கிற புன்னகை.

"மிஸ்யே டாக்டர்கிட்ட உங்க இடது கையக் காட்டுங்க, அத்தான்," என்றேன்.

அத்தானுக்கு இடது மோதிர விரலில் பாதி இல்லை. சிறு வயதில் கரும்பாலையில் போனது. படத்தில் உயர்ந்திருந்த கையிலும் அந்த விரல் பாதிதான். டாக்டர் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்த விரல் எப்போது போனது?" என்று கேட்டார்.

அத்தனை மாதங்களாக அந்தக் கைதான் அவருடைய மூக்குக்கு நேரே கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் சுதாரித்துக்கொண்டார். அறிக்கை கப்பலேறிவிட்டது என்றார். துறைமுகத்துக்கும் காலையிலேயே சொல்லியனுப்பிவிட்டாராம். "எப்படியானாலும், ஒரு தோளில் காவடி தூக்கியவர் ஒரு தோளில் மூட்டையும் தூக்கலாமே." காவடி மூங்கிலும் பூவும்தான் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த தோளைக் கூப்பிட்டுவிட்டார்.

கோணி தைக்கும் வேலை மேஸ்திரியின் மருமகனுக்குப் போனது. அவனுக்கு இரண்டு தோளும் நன்றாக இருந்தன. அத்தான் சில வாரம் இடது தோளில் சுமந்தார். அடுக்கின் மேல் மூட்டையை ஏற்ற இரண்டு கையும் வேண்டும். முடியவில்லை என்றார், வீட்டுக்கு அனுப்பினார்கள். வெகுநாள் அலைந்தபின் ரோஸ் ஹில்லில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அதற்குக் கை மார்பு உயரம் எழுந்தால் போதும்.

அந்த ஆராய்ச்சி ஒரு மருத்துவ இதழில் வெளிவந்து எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி வந்தது. உள்ளே அதே படம், முழுப் பக்கத்துக்கு. பயிற்சியால் முற்றிலும் குணமடைந்த வலது தோள் என்று கீழே குறிப்பு. நம் படம் லண்டன் வரை போய்விட்டது என்று ஆசிரியர் எல்லோரிடமும் காட்டினார். மூட்டை பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது, சராசரி எடை உட்பட.

இதழை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அத்தான் சினிமாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கையை அக்கா மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். குறிப்பைப் படித்துச் சொன்னேன். அவர் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆள் நல்லா இருக்கானே. கை எவ்வளவு உசரம் போகுது பாரு."

அக்கா பொத்தானைப் போட்டு முடித்தாள். அவர் இதழை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கே இவன மூட்டை தூக்க வரச் சொல்லு, மச்சான்."