மடியில் ஒரு கம்பளி முகம்

நோர்வூட்டில் ஏறும் பெண்ணுக்கு பஸ்ஸில் இடமில்லை. நிற்பவர்களின் சாமானை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம். என் மடியில் ஏற்கெனவே யாருடைய பையோ இருப்பதால், அவள் தன் துணிமூட்டையை ஜன்னலோர அக்காவிடம் நீட்டுகிறாள். துணி விலகுகிறது. உள்ளே, கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திக் குத்தி உருவாக்கிய ஒரு முகம். சுருக்கங்களும் மூக்குத்தியும்கூட இருக்கின்றன.

“யாரு புள்ள இவங்க?” என்கிறார் அக்கா.

“எங்கம்மாங்க. நாந்தான் செஞ்சேன். ஹட்டன்ல கண்காட்சிக்குக் கொண்டுபோறேன்.”

தேயிலை மலை தெரியும்படி அக்கா அந்த முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைக்கிறார். வளைவில் பஸ் சடாரென்று நிற்கிறது. கம்பளித் தலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்ட அக்காவின் நெற்றி முன்கம்பியில் இடிக்கிறது.

நெற்றியைத் தேய்த்தபடியே நிமிர்ந்து சொல்கிறார்:

“அம்மாவுக்கு ஒன்னும் ஆகல புள்ள.”