அருகம்புல்லில் ஒன்பது குழிகள்

ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை, கல்வராயன் மலையடிவாரத்துக்கு மினி கோல்ஃப் விளையாடப் போனேன். அங்கே அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் பச்சைப் புல்லில். நடத்துபவன் என் பழைய கூட்டாளி ஸ்டீபன். வளைகுடாவில் ஒரு கடலோர ஓட்டலில் நாங்கள் இருவரும் ஐந்து வருடம் சேர்ந்து புல் வெட்டியவர்கள். "புல்லு ரெடி, வா பாய்" என்று போன மாதம் செய்தி அனுப்பியிருந்தான். நேரில் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. போவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40-க்குச் சேலம் பேருந்து, கள்ளக்குறிச்சிக்கு 245 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பதினைந்து நிமிடம் நிற்கும். அங்கே இட்லி சாப்பிடலாம், காபியைத் தவிர்த்துவிடுங்கள். 10.30-க்குக் கள்ளக்குறிச்சி. நான் பிறந்த ஊர்தான், ஆனால் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் அங்கே இல்லை. இறங்கிய கையோடு கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வடக்கனந்தல் வரும்போதே மலை கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும்.

கச்சிராயபாளையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. "பந்து தோட்டமா? ஏறுங்க, நூத்தம்பது" என்றார் ஓட்டுநர். கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா என்றேன். "ரோட்ட வந்து பாருங்க. நீங்களே ஜாஸ்தி குடுப்பீங்க." உண்மைதான், இருபது சேர்த்தே கொடுத்தேன். வழியெல்லாம் ஸ்டீபன் புராணம்தான். "ஊரே அருகம்புல்ல புடுங்கிப் போட்டுக்கினு இருக்குது, இவரு தேடித் தேடி நட்டுக்கினு இருந்தாரு. மரை கழண்டுபோச்சின்னு நெனச்சோம். இப்ப ஞாயித்துக்கெழம கார் நிறுத்த எடமில்ல."

முக்கால் ஏக்கர். முன்பு மரவள்ளி போட்ட நிலம். ஓடைக் கற்களை வரிசையாகப் பதித்து, நடுவே பாய் விரித்ததுபோல் ஒன்பது புல் தடங்கள். ஒவ்வொன்றின் கோடியிலும் ஒரு குழி, உள்ளே குழாய்த் துண்டு செருகியிருக்கும். பந்தை ஒரே மட்டையால் மெல்லத் தட்டி, எத்தனை தட்டில் குழிக்குள் விழுகிறது என்று எண்ணுவதுதான் விளையாட்டு. ஸ்டீபன் கையால் தள்ளும் புல்வெட்டு மெஷினோடு எதிரே வந்தான். தலை நரைத்திருந்தது.

"இன்னா பாய், எளச்சிட்ட?" என்றவன் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிக் கொடுத்தான். "அங்க பெர்முடா புல்லு, பெர்முடா புல்லுன்னு உயிர வாங்கினாங்களே. நம்மூரு அருகம்புல்லுதான் அது. தெரியாமலே அஞ்சு வருஷம் வெட்டிக்கினு இருந்தோம்."

வெட்டிய புல்லின் ஈர வாசனை. அதை முகர்ந்ததும் அந்த விடியற்காலைகள் திரும்பி வந்தன. சுழலும் தண்ணீர்க் குழாய்கள், தூரத்துக் கப்பலின் சங்கு, அறையில் நான்கு பேருக்கு ஒரே டிபன் கேரியர். வாங்கிய சம்பளம் மறந்துவிட்டது. பாலைவனத்தின் நடுவில் ஒரு பச்சைச் சதுரத்தைச் சாகவிடாமல் காத்தோம் என்ற கர்வம் மட்டும் அப்படியே இருக்கிறது.

விருந்தினர் கோல்ஃப் ஆடும் அந்தப் புல்லில் விளையாட எங்களுக்கு அனுமதியில்லை. ஓர் ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை நண்பகல், வெயிலுக்குப் பயந்து விருந்தினர் யாரும் வெளியே வரவில்லை. "ஒரு ஆட்டம் போடலாம்டா" என்று மட்டையை எடுத்தவன் நான். மூன்றாவது குழியில் மேற்பார்வையாளர் வந்தபோது மட்டை ஸ்டீபன் கையில் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று கேட்டார். அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். நான் வாயைத் திறக்கவில்லை. "நான் மட்டும்தான்" என்றான் ஸ்டீபன். ஒரே வாரத்தில் அவன் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இன்னும் ஆறு வருடம் அங்கேயே இருந்தேன். பிறகு போனில் பேசியிருக்கிறோம், அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

ஐந்தாவது குழியில் என் பந்து விளிம்பில் நின்றபோது, நிமிராமலே சொல்லிவிட்டேன். "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும் ஸ்டீபா."

அவன் மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டான். "சொல்லியிருக்கணும்தான். ரெண்டு வருஷம் உன் போன் வந்தாலே, வூட்ல இல்லன்னு ரெஜினாவ சொல்ல வெச்சேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது."

"அவங்ககிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"எப்டி சொல்றது? சொன்னா உன் பேரும் வரும். இங்க பேசினா சாயங்காலம் கள்ளக்குறிச்சியில இருக்கும், அப்ப உங்காளுங்க எல்லாம் அங்கதான. உன் தங்கச்சி கல்யாணம் வேற."

மதியம் அவன் மனைவி ரெஜினா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நான் முழுவதையும் சொன்னேன். ஸ்டீபன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜினா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பா, இவரு அங்க குடிச்சி மாட்டிக்கினுதான் வந்தாருன்னு சாவுற வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தாருண்ணா" என்றார். சத்தம் உயரவில்லை. "நானும் பாதி நம்பினேன்."

யாரும் சாப்பிடவில்லை. ரெஜினாவே எழுந்து ரசம் ஊற்றினார். "உங்க வூட்ல தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சி. அவங்களுக்கு எத்தினி வருஷம் ஆவணும்?"

நான் ரசத்தைச் சோற்றோடு பிசைய ஆரம்பித்தேன்.

சாப்பாட்டுக்குப் பின் மிச்ச குழிகளை ஆட வந்தபோது ரெஜினாவும் வந்தார். அதுவரை அவர் மட்டையைத் தொட்டதே இல்லையாம். ஸ்டீபன் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்குள் ஓங்கி ஓர் அடி. பந்து கற்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து மரவள்ளிக்குள் போய் விழுந்தது. "அது உங்க ரெண்டு பேருக்கும்" என்றார். பந்தைத் தேடி நானும் ஸ்டீபனும் அரை மணி நேரம் செடிகளுக்குள் குனிந்து திரிந்தோம். கிடைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை ஸ்டீபன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு 100 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே 50. காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை. செவ்வாய்க்கிழமை எல்லாத் தடங்களிலும் புல் வெட்டுவதால் விடுமுறை. குதிகால் உயர்ந்த செருப்பு கூடாது, வெறுங்காலோடு ஆடுவதே சுகம். காலையில் பனி ஈரத்தில் பந்து மெதுவாக ஓடும், கொஞ்சம் அழுத்தித் தட்டுங்கள். வெயிலேறினால் அதே அடிக்குக் குழியைத் தாண்டிப் போய்விடும். மழைக்காலத்தில் போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் மதியச் சாப்பாடு கிடைக்கும், 120 ரூபாய். என்னிடம் வாங்க மறுத்துவிட்டார்கள். கடைசி டவுன் பஸ்ஸை நம்பி உட்கார வேண்டாம், நாலரைக்கே ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பதிவை எழுதி முடித்து நான்கு நாள் வெளியிடாமல் வைத்திருந்தேன். ஐந்தாவது நாள் என் மனைவி ஷாகிராவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெஜினா நம்பர் குடுங்க" என்றாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கும் தெரியாது, ஸ்டீபனுக்கும் தெரியாது.