தேவராஜ் எழுதிய அறுவடைப் பாட்டு

ரங்கூனில் தாமுவே பேட்டைத் தேவராஜைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வரியா விதிக்கிறார்கள்? எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போன மாணவர் ஊர்வலத்தில் வயலின் வாசித்ததற்காக மூன்று நாள் விசாரணையில் கிடந்துவிட்டு வந்த மனுஷன் அவர். "இன்னொரு தடவை உன் பேரில் புகார் வந்தால் ஏழு வருஷம்" என்று சொல்லித்தான் வெளியே விட்டார்கள். அதற்கப்புறம் பதினைந்து வருஷமாக, எந்தக் காகிதமானாலும் மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

2003இல் அவர் அரசாங்க சிம்பொனி இசைக்குழுவில், வயலினுக்கு அண்ணன் முறையான வியோலா வாசித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் பங்கு பிரித்து இசையை எழுதித் தரும் வேலையும் அவர் தலையில்தான். அயர்லாந்திலிருந்து தர்ம ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் நாட்டு மெட்டு மூன்று வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மிஷன் பள்ளியில் படித்தபோது ஓர் அயர்லாந்துச் சாமியார் ஹார்மோனியத்தில் வாசித்த மெட்டுகள் தேவராஜுக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒரு குழலும் ஒரு பிடிலும் வாசித்த மெட்டை நாற்பது பேருக்குப் பங்கு போடுவது லேசுப்பட்ட காரியமா? கூடப் போட்டால் மெட்டு மூச்சுத் திணறும். குறைத்தால் முப்பது பேர் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் செல்லோ என்ற பெரிய பிடில்களை நம் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, அதன்மேல் புல்லாங்குழலைத் தனியாக நடக்க விட்டார். மூன்றாவது மெட்டு அப்படி அமைந்தபோது அவருக்கே கண் கலங்கியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது தணிக்கை அலுவலகத்தில்.

"வார்த்தை எங்கே?" என்றார் அதிகாரி.

"வாத்தியம் மட்டுந்தான் சயா. யாரும் பாட மாட்டாங்க."

"பாடாட்டி என்ன? மெட்டுன்னு இருந்தா வார்த்தைன்னு ஒண்ணு இருக்கும். மூணு பிரதி, பர்மிய மொழிபெயர்ப்போட."

வார்த்தை இருந்தது, அதுதான் வினை. முதல் இரண்டும் கல்யாணப் பாட்டு, கவலையில்லை. மூன்றாவது, சிப்பாய்கள் சுட்டுப்போட்ட மகனைத் தாய் ஒருத்தி தெருத்தெருவாகத் தேடும் பாட்டு. அதை ரங்கூனில் மூன்று பிரதி எழுதிக் கையெழுத்தும் போட்டால் ஏழு வருஷம் என்ன, எழுபது வருஷமே கிடைக்கும்.

"அதை எடுத்துட்டு வேற ஒண்ணைப் போடுங்களேன்" என்றாள் மனைவி ரேவதி.

"மூணு மெட்டு பேரும் மேல போயாச்சு. ஏன் மாத்துறேன்னு கேட்டா என்னாத்தச் சொல்றது?"

அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நெல் விளைந்தது, கதிர் சாய்ந்தது, பெண்களே அரிவாளோடு வாருங்கள் என்று பர்மிய மொழியில் தானே ஒரு பாட்டைக் கட்டி, அதுதான் மொழிபெயர்ப்பு என்று கொடுத்தார். அதிகாரிக்கு அது ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. "இவ்வளவு நல்ல பாட்டை ஏன் பாடாம விடணும்? இருபது பொண்ணுங்களை நிறுத்திப் பாட வைங்க" என்றார்.

கச்சேரியன்று விருந்தாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். நடுவில் ஒரு வயதான நர்ஸம்மா. மூன்றாவது மெட்டில் குழல் எழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடுகள் தாமாக அசைந்தன. 'தெரிந்துவிட்டது' என்று தேவராஜுக்கு உள்ளே இடி விழுந்தது. பெண்கள் சிரித்த முகமாக நெல்லையும் அரிவாளையும் பாடினார்கள். திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பு வேறு ஓடியது. நர்ஸம்மாவின் உதடுகள் நின்றுபோயின. தேவராஜின் வில் நடுங்கிய நடுக்கத்தை ஏதோ நுணுக்கம் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள், அவர்கள் நன்றாயிருக்கட்டும்.

முடிந்ததும் அதிகாரி அந்த அம்மாவை நேராக அவரிடமே அழைத்து வந்தார்.

"இவர்தான் எழுதினார்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். "உங்கள் நாட்டிலும் இதே வார்த்தைகள்தானே?"

நர்ஸம்மா தேவராஜைப் பார்த்தார். கைகுலுக்க நீட்டிய அவர் கையைப் பிடித்தார். அது ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. அதிகாரி பதிலுக்காகக் காத்திருந்தார். தேவராஜ் மனசுக்குள் ரேவதியிடம் விடைபெற்றுக்கொண்டார்.

"ஆமாம்" என்றார் அந்த அம்மா. "அறுவடைப் பாட்டுதான். என் தாயார் பாடுவார்."

அதிகாரி மகிழ்ந்துபோய் போட்டோக்காரரைக் கூப்பிடத் திரும்பினார். பிடித்த கையை விடாமலே, நர்ஸம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இங்கே சுடப்பட்டது யாருடைய மகன்?"

பதினைந்து வருஷத்தில் அதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. ஊர்வலத்தில் பக்கத்தில் டிரம் அடித்துக்கொண்டே வந்து, அடியை முடிக்காமல் விழுந்த பொன்னுத்துரையின் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவன் தாய் சொர்ணம்மாள் இன்றைக்கும் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவளைக் கண்டால் இவர் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். சொல்லிவிட வாயைத் திறந்தார். அதிகாரி இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"டீ ஆறிவிடும் அம்மா, வாருங்கள்" என்றார் தேவராஜ்.